நீங்கள் கட்டிவிட்டுப் போன பிராது

என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "ஏ புள்ள" என்றே கூப்பிட்டுப் பழகிய என் அத்தைக்கு,

நீங்கள் போன பிறகு இந்த வீட்டுக்கு இரண்டு பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டேன். உங்கள் அறையில் சுவரோரம் தலை சாய்த்து உட்காருவீர்களே, அந்த இடத்து எண்ணெய்க் கறை மட்டும் எந்தச் சுண்ணாம்புக்கும் அடங்காமல் மேலே வந்துவிடுகிறது. உங்கள் பேத்தி பவி நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். பாண்டிச்சேரி ஹாஸ்டல் சாப்பாட்டில் இளைத்துப் போயிருக்கிறாள். நான் அதே பீங்கான் கம்பெனியில்தான் இருக்கிறேன். பில் போடுகிறேன், ஃபியூஸ் கேரியர் பெட்டிகளை எண்ணி லோடு அனுப்புகிறேன். ஒன்றும் மாறவில்லை.

மாறவில்லை என்று எழுதிவிட்டேன். முதலில் சொல்லியிருக்க வேண்டியதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

உங்கள் மகன் வந்துவிட்டார், அத்தை.

"சாப்ட்டானா?" என்றுதான் முதலில் கேட்பீர்கள். சாப்பிட்டார். நான்தான் ஊட்டினேன்.

மாசிமகத் தேர் முடிந்து கடைவீதிக் கூட்டம் வடிந்த வாரம் அது. கம்பெனியிலிருந்து வந்து, புடவையில் படிந்திருந்த வெள்ளை மாவை வாசலில் நின்று தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவன் திருப்பூர்க்காரன். இத்தனை வருஷமும் உங்கள் மகன் குடியிருந்த வீட்டுப் பெண்ணின் தம்பியாம். பின்சீட்டில் இரண்டு தலையணைகளை முட்டுக்கொடுத்து ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். முகத்தின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. யார் என்று அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதை நினைத்தால் இன்னும் என்னவோ போலிருக்கிறது.

"எங்களால முடிஞ்ச வரைக்கும் பாத்துட்டோமுங்க்கா. வாதம் அடிச்சுப்போட்டுதுங்க. வலது கையும் காலும் வராதுங்க. அக்காளுக்கும் ஒடம்புக்கு முடியறதில்ல. இனி உரியவங்க நீங்கதான பாக்கோணும்."

உரியவள். பவி நான்காம் வகுப்புப் படிக்கும்போது ஈரோட்டுக்கு லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போனவர், லோடை இறக்கினார், வண்டியை வேறு டிரைவரிடம் கொடுத்து ஓனருக்கு அனுப்பினார், தான் மட்டும் திரும்பவில்லை. அதற்கு முன்னால் சண்டை ஒன்றும் இல்லை. கிளம்பும்போது தண்ணீர் பாட்டில் கேட்டார், கொடுத்தேன். எங்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு அதுதான். பிறகு திருப்பூரில் வேறொரு வீட்டில் இருப்பதாகச் செய்தி வந்தது. போன் எடுக்கவில்லை. நீங்கள் கண்ணை மூடியபோதும் வரவில்லை. உங்கள் மகள் விஜயாவின் பையன்தான் கொள்ளி வைத்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வேனுக்குப் பக்கத்தில் நான் நின்ற நேரத்தில் இத்தனையும் ஒன்றாய் ஞாபகம் வந்தது என்பதற்காக எழுதுகிறேன்.

"என்னைத் தெரியுதா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றார்.

வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தம்பிக்காரன் தலையைச் சொறிந்தான். "எல்லாத்துக்கும் அதேதான் சொல்லுவாருங்க்கா. வேற பேச்சு வரலீங்க."

வீட்டுக்குள் சேர்ப்பதா வேண்டாமா என்று நான் முடிவு செய்யவே இல்லை, அத்தை. யோசித்து முடிப்பதற்குள் தெருவே கூடிவிட்டது. இரண்டு ஆம்பிளைகள் தூக்கினார்கள். உங்கள் கட்டில் காலியாக இருந்தது. வேன் திரும்பிப் போனது. நான் கதவை அடைத்தேன். என்னையும் சேர்த்து உள்ளே அடைத்தேன் என்பது அப்புறம்தான் புரிந்தது.

*

காலையில் எழுந்து அவரைத் துடைத்து, உடுப்பு மாற்றி, இட்லியைப் பாலில் பிசைந்து ஊட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, சரிந்துவிடாமல் துண்டால் இடுப்பைச் சேர்த்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போகிறேன். எதிர்வீட்டு மேரி அக்கா நடுவில் எட்டிப் பார்ப்பார்கள். மத்தியானம் ஸ்கூட்டியில் ஓடிவந்து படுக்க வைத்துவிட்டு மறுபடி ஓட்டம். ஸ்ரீமுஷ்ணத்தில் என் பெரியப்பா பேத்தி கல்யாணத்துக்குப் போகவில்லை. பவி ஹாஸ்டலில் காய்ச்சலாய்க் கிடந்தபோதும் போகமுடியவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் காட்டினோம். வார்த்தைகள் உள்ளே இருக்கலாம், வெளியே வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது, வரும் என்றும் சொல்லமுடியாது வராது என்றும் சொல்லமுடியாது என்றார் டாக்டர்.

தெருவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது, "எப்புடியோ வூடு வந்து சேந்துட்டாரு, நீ குடுத்து வச்சவ" என்கிறார்கள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

நன்றாக நடமாடுகிற மனுஷன் மேல் கோபப்படலாம். சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். கரண்டியை நீட்டினால் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும் ஒருவர் மேல் எப்படிக் கோபப்படுவது? கோபப்பட்டால் எனக்கே கேவலமாக இருக்கிறது. படாவிட்டால் தூக்கம் வருவதில்லை. அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். தினமும் ஊட்டும்போது கேட்பேன்.

"ஏன் போனீங்க?"

"ஆமா."

"நான் என்ன குறை வச்சேன்?"

"ஆமா."

"அவங்க என்னைவிட நல்லா சமைப்பாங்களா?"

"ஆமா."

அன்றைக்குச் சிரித்துவிட்டேன். அவரும் பாதி முகத்தால் சிரித்தார். சிரித்து முடித்ததும் என்னால் அங்கே உட்காரமுடியவில்லை. கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்த் தொட்டியோரம் நின்றேன். அவர் வாயைத் திறந்தபடி காத்திருந்திருப்பார்.

கம்பெனி ஓனர் அம்மா தினம் காலையில் எங்கள் எல்லோருக்கும் வாட்ஸப்பில் குத்துவிளக்குப் படம் அனுப்புவார்கள். கோபத்தை விட்டுவிடுங்கள், நன்றியோடு இந்த நாளைத் தொடங்குங்கள் என்று கீழே எழுதியிருக்கும். நானும் கை கூப்பும் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டு உடுப்பு மாற்றப் போவேன். விட்டுவிடுவதற்கு அது என் கையிலா இருக்கிறது? மேரி அக்காவிடமும் ஒருநாள் இதைச் சொன்னேன்.

"மன்னிச்சுவுடு அமுதா, ஆண்டவர் பாத்துக்குவாரு" என்றார்கள்.

"மன்னிப்புன்னு ஒண்ண அவரு கேக்கணுமில்லக்கா?"

"கேட்டாத்தான் குடுப்பியா? அது என்னா ரேஷன் சீனியா?"

சிரித்தேன். ஆனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை. எனக்கு வேண்டியிருந்தது மன்னிப்பு இல்லை, அத்தை. பதில். நீங்களும் நானும் சேர்ந்து எழுதிக் கேட்ட பதில்.

*

அந்த நாளை இப்போது நிறைய நினைக்கிறேன். "கெளம்பு புள்ள, மணவாளநல்லூரு போயிட்டு வந்துருவம்" என்று நீங்கள்தான் கிளப்பினீர்கள். கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆடு காணாமல் போனாலும், பங்காளி வரப்பை வெட்டினாலும், போலீசுக்குப் போவதற்கு முன்னால் அங்கே போவார்கள். குறையை வெள்ளைத்தாளில் எழுதி, சாமி முன்னால் வைத்து, விபூதியோடு மடித்து, நூல் சுற்றி, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டவேண்டும். ஊர் எவ்வளவு தூரமோ அதற்கேற்ற படிக்காசும் வைக்கவேண்டும். சாமி உத்தரவு கொடுப்பார், போய் விசாரித்து வருகிறவர் முனியப்பர்.

திருப்பூர் என்றதும் நீங்கள் யோசித்தீர்கள். "அம்மாந் தொலவா? சேலத்துல பஸ்ஸு மாறணுமே. எப்புடிப் போயிச் சேருவாரோ."

பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் சிரித்தாள். "முனியப்பருக்குக் குதிர இருக்குதும்மா. பஸ்ஸு எதுக்கு?"

"குதிரயா இருந்தாலும் வழியில தண்ணி காட்டணுமில்ல" என்று இன்னும் கொஞ்சம் காசை எடுத்து வைத்தீர்கள்.

உங்களுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "எம்மவன் கொளஞ்சி ஓம் பேர வச்சுக்கிட்டு ஊரு மேயிறான். அவன் எங்க வூட்டு வாசல்ல வந்து நிக்கணும். என்னாத்துக்குப் போனன்னு இவளுக்கு வாயத் தொறந்து பதிலு சொல்லணும்."

"கொஞ்சம் மரியாதையா எழுதட்டுமா அத்த?"

"வுட்டுட்டு ஓடுனவனுக்கு என்னா மரியாத? சாமிக்கு மட்டும் மரியாத போடு."

நமக்கு முன்னால் நின்றவள், தன் தோட்டத்தில் மோட்டார் திருடியவனின் கை விளங்காமல் போகவேண்டும் என்று எழுதச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "அதெல்லாம் வேணாம். கையி காலு நல்லா இருக்கட்டும். பதிலு சொன்னா போதும்."

குழந்தை இல்லாமல் அதே சந்நிதியில் வேண்டிப் பெற்று, அதே சாமியின் பெயரை வைத்தீர்கள் அந்தப் பிள்ளைக்கு. அவர்மேல் அங்கேயே புகார் கட்ட எப்படி மனசு வந்தது? அதுவும் வேறு வீட்டிலிருந்து வந்த எனக்காக. நூலை நீங்களே சுற்றினீர்கள். முடிச்சைப் போட நான் கை கொடுத்தேன், நீங்கள் தள்ளிவிட்டீர்கள்.

*

விஜயா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறாள். சேத்தியாத்தோப்பிலிருந்து ஏதாவது வாங்கி வருவாள். "கருவேப்பிலங்குறிச்சியில பஸ்ஸ செத்த நேரம் நிறுத்திப்புட்டான் அண்ணி, மீனு கெட்டுப் போச்சான்னு பாருங்க" என்று பையை நீட்டிவிட்டு நேரே அண்ணன் பக்கத்தில் போய் உட்காருவாள். வாயோரம் துடைத்துவிடுவாள். கொஞ்சம் அழுவாள். பிறகு குழம்பு எப்போது கொதிக்கும் என்று கேட்பாள். நல்லவள்தான், உங்களுக்குத் தெரியாததா? ஒரு ஞாயிறு, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு ஆரம்பித்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"அம்மா கட்டுன பிராது இன்னும் அப்படியேதான இருக்குது? ராஜினாமா குடுக்கலல்ல?"

காரியம் முடிந்துவிட்டால், முடிந்தது என்று எழுதிக் கொடுத்துப் பிராதை வாபஸ் வாங்கவேண்டும். அதற்கு ராஜினாமா என்று பேர். கட்டுவதற்கு ஓடுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது என்பார்கள்.

"இல்ல" என்றேன்.

"அதான். அதுதான் அண்ணன் வாயக் கட்டிப் போட்டு வச்சிருக்குது. வாசலுக்கு வரணும்னு அம்மா கேட்டாங்க, கொண்டாந்து சேத்துட்டாரு. அத முடிச்சு வைக்காம வுட்டா முனியப்பரு சும்மா இருப்பாரா?"

"முடியலயே விஜயா. பதில் சொல்லணும்னும் கேட்டிருக்காங்க. இன்னும் சொல்லலயே."

"வாயக் கட்டி வச்சிருந்தா எப்புடி அண்ணி சொல்லுவாரு? நீங்க வாபஸ் வாங்குனாதான் வாயி தொறக்கும்."

"அவரு பதில் சொன்னாதான நான் வாபஸ் வாங்க முடியும்?"

"ஆமா" என்றார் உங்கள் மகன், கட்டிலிலிருந்து.

"பாத்தீங்களா, அண்ணனே சொல்லுது" என்றாள் விஜயா.

யாருக்குச் சொன்னார் என்று யார் கண்டது? எனக்கு அன்றைக்கெல்லாம் தலை சுற்றியது. நான் விலக்கினால்தான் அவர் பேசுவார். அவர் பேசினால்தான் நான் விலக்கமுடியும். உள்ளே ஒரு பூட்டு, வெளியே ஒரு பூட்டு. அவர் சாவி என்னிடமும் என் சாவி அவரிடமும் இருக்கிறது. பிராதை நம்பினாலும் அப்படித்தான், நம்பாவிட்டாலும் அப்படித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். விஜயா தொல்லை தாங்காமல்தான் போனேன். கோயில் ஆபீஸில் இருந்தவர் விவரம் கேட்டார். "கட்டுனவங்க இல்லன்னா வூட்டுல உள்ளவங்க குடுக்கலாம்மா. காரியம் முடிஞ்சுதுன்னு எழுதிக் குடுங்க" என்றார்.

தாளை வைத்துக்கொண்டு நின்றேன். முடிந்தது என்று எழுதக் கை வரவில்லை. எங்கே முடிந்தது? என்ன முடிந்தது? விசாரித்து வருகிற சாமிக்குப் பொய் எழுதிக் கொடுப்பதா? பின்னால் நின்ற பெரியவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எழுதத் தெரியாட்டிக் குடும்மா, எம்மருமவ எழுதிக் குடுப்பா" என்றார். நீங்கள் இருந்திருந்தால், "எம்மருமவ டிகிரி படிச்சவ" என்று சண்டைக்குப் போயிருப்பீர்கள். நான் வெறும் தாளைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

*

பவி லீவுக்கு வந்தாள். அவள் அவரை அப்பா என்று கூப்பிடுவதில்லை. "இவருக்கு மாத்திர குடுத்தியா?", "இவர இந்தப் பக்கம் திருப்பணும்" என்பாள். ஆனால் கையைப் பிடித்துப் பயிற்சி கொடுக்கும்போது யாருக்குச் செய்தாலும் அப்படித்தான் செய்வாள் என்று தோன்றும்; அவ்வளவு பதமாகச் செய்கிறாள். நான் ஊட்டிக்கொண்டே கேட்பதை அவள் வாசற்படியில் நின்று கேட்டுவிட்டாள். கிண்ணம் கழுவ வந்தபோது பின்னாலேயே வந்தாள்.

"தெனமும் இதயா கேக்குற?"

"கேட்டா என்ன?"

"வாயி நல்லா இருந்தப்ப ஒரு போன் வந்துச்சாம்மா? ஆயா செத்ததுக்கு வந்தாரா? இருந்தப்ப குடுக்காதத இப்ப எங்கேந்து எடுத்துக் குடுப்பாரு? அது அவருகிட்ட இல்லம்மா."

"உனக்கு என்னடி தெரியும்? வயசுக்குத் தகுந்த பேச்சுப் பேசு" என்று கத்தினேன். அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். அன்று முழுக்க நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

மறுநாள் அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து, மத்தியானம் உங்கள் அறையில் அவர் தூங்கிக்கொண்டிருக்க, தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். பவி சொன்னது போகவே இல்லை. வாதம் வந்து பதிலை அடைத்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்கு முன்னாலேயே அங்கே ஒன்றும் இல்லாமல் இருந்திருந்தால்? ஏன் போகிறோம் என்று அவருக்கே தெரியாமல் போயிருந்தால்? தெரிந்தே போயிருந்தாலும், அதைச் சொல்லக் கேட்டு நான் என்ன செய்யப் போகிறேன்? எந்த வார்த்தை வந்தால் எனக்கு இந்தப் பத்து வருஷத்துக்கு மேலான காலம் சரியாகும்? ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். புத்தி கெட்டுப் போனேன். உன்னைப் பிடிக்கவில்லை. அவளைப் பிடித்தது. பயமாக இருந்தது. எதுவும் போதவில்லை. அவர் பேசியிருந்தாலும் நான் இன்னொன்று கேட்டிருப்பேன்.

அப்போது, விஜயா வீட்டுக்காரர் ஆட்டோவோடு வந்து நின்ற நாள் ஞாபகம் வந்தது. உங்கள் மகன் இனித் திரும்பமாட்டார் என்று உறுதியான மாசம் அது. உங்களைக் கூட்டிப்போக வந்தார். "வந்துருங்க அத்த. அவங்களும் அவங்க அம்மா வூட்டுக்குப் போயிருவாங்க" என்றார். நான் உள்ளே பெட்டியைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். எனக்கும் அதுதான் நடக்கும் என்று தோன்றியிருந்தது. நீங்கள் வாசலை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. "அவ எங்க போறா? இது அவ வூடு. நாந்தான் அவ வூட்ல இருக்கன். காபித்தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புங்க மாப்ள" என்றீர்கள். நான் பெட்டியை மறுபடி மேலே ஏற்றினேன்.

மருமகள் சரியில்லாமல்தான் மகன் போனான் என்று தண்ணீர்க்குழாயில் எவளோ சொன்னபோது, "அவ சரியில்லன்னா அவ கையால தின்னுட்டு நான் எப்புடிடி இம்மாம் ஒடம்பு வச்சிருக்கன்?" என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டீர்களே. பவி பள்ளிக்கூடத்தில் அப்பா வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்றபோது, தலையை வாரிக்கொண்டு நீங்கள் போனீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரே எழுத்து உங்கள் பெயர்தான். அதைப் போய்ப் போட்டுவிட்டு வந்தீர்கள்.

போனவர் ஏன் போனார் என்று இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன். நீங்கள் ஏன் போகவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை, அத்தை. மகள் வீட்டில் சௌகரியமாக இருந்திருக்கலாம். பெற்ற பிள்ளையின் பக்கம் பேசியிருக்கலாம். ஊர் அதைத் தப்பாகவே எடுத்துக்கொண்டிருக்காது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "வேல இல்லியா ஒனக்கு?" என்றிருப்பீர்கள். உங்களிடமும் அதற்குப் பதில் இருந்திருக்காது. ஆனால் அந்தப் பதில் இல்லாமல் எனக்கு ஒருநாளும் தூக்கம் கெடவில்லை.

கீரையை வைத்துவிட்டு அழுதேன். சாமியிடம் நாம் கேட்டது பதில். கேட்காமலே அவர் என் பக்கத்தில் நிறுத்தியிருந்தது உங்களை. குத்துவிளக்குப் படத்தின் கீழே தினமும் வரும் நன்றி என்ற சொல்லை அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன். தூக்கத்திலிருந்த அவர், "ஆமா" என்றார்.

*

போன மாசம் மறுபடி கோயிலுக்குப் போனேன். விஜயாவும் வந்தாள். மேரி அக்கா இவரைப் பார்த்துக்கொண்டார்கள். இந்த முறை எழுத நேரம் ஆகவில்லை.

'கொளஞ்சியப்பர் சாமிக்கு, அஞ்சலை மருமகள் அமுதா எழுதிக்கொண்டது. என் அத்தை கேட்டதில் பாதி நடந்தது. மீதி எனக்கு வேண்டாம். அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. என் அத்தையோடு என்னை வாழ வைத்ததற்கு நன்றி.'

ஆபீஸில் இருந்தவர் இரண்டு தடவை படித்தார். "முடிஞ்சுதுன்னு எழுதலயேம்மா."

"முடியல சார். வேணாம், அவ்வளவுதான்."

"இப்புடி யாரும் எழுதுனதில்ல." மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஆனா பொய் இல்லியே. போங்க, சாமி முன்னால வைங்க."

விஜயா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அண்ணி, அண்ணனுக்கு வாயி தொறக்கணும்னு ஒரு வரி சேத்துடுங்களேன்."

"அது உன் பிராது விஜயா. வேணும்னா நீ தனியா கட்டு."

அவள் கட்டவில்லை. படிக்காசு வாங்கும் இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விபூதி வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே உள்ளே ஓடினாள். "அண்ணே, எப்புடி இருக்குது? பேசு பாப்பம்."

"ஆமா."

அப்படியே கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். பாவமாக இருந்தது. நானும் உள்ளுக்குள் எதையோ எதிர்பார்த்திருந்தேன் போல. இல்லாவிட்டால் கதவோரம் ஏன் நின்றேன்? எதுவும் நடக்கவில்லை. அவருக்கு இடுப்புத் துணி நனைந்திருந்தது. மாற்றினேன். மாற்றும்போதுதான் கேட்கத் தோன்றியது.

"விஜயா, மாசத்துல ஒரு வாரம் உங்க அண்ணன உன் வூட்ல வச்சுக்க."

"எங்க வூட்லயா? அண்ணனுக்குப் புது எடம் ஒத்துக்குமா அண்ணி?"

"அவரையே கேளு."

அவள் குனிந்தாள். "அண்ணே, எங்க வூட்டுக்கு வர்றியா?"

"ஆமா" என்றார்.

அந்தச் சொல் எனக்கு உதவியது அன்று ஒருநாள்தான், அத்தை. விஜயா என்னை முறைத்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரம் இன்னும் வரவில்லை. மாடு கன்று போட்டிருக்கிறது, அடுத்த மாசம் பார்க்கலாம் என்று போன் போட்டாள். கன்று வளரட்டும். அதற்கப்புறமும் வராவிட்டால் நானே கொண்டுபோய் விடுவேன்.

மற்றபடி எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. துடைப்பதும், பிசைவதும், துண்டு கட்டுவதும், மத்தியான ஓட்டமும். மனசு லேசாகிவிட்டது என்றெல்லாம் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இந்த வீட்டுக் கதவைத் தாண்டிப் போக எனக்கு இன்னும் வழி இல்லை. சனிக்கிழமை கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். கழுவிய தரை முழுக்க ஓடியது. கோபம் வந்தது, சத்தம் போட்டேன். துடைத்து முடித்தபோது கோபமும் முடிந்திருந்தது. அது அந்தக் கஞ்சியின் மேல் வந்த கோபம் மட்டும்தான் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முன்பெல்லாம் ஒரு சொட்டு சிந்தினாலும் கோபம் திருப்பூர்வரை போய்த் திரும்பும்.

இப்போது ஊட்டும்போது வேறு ஏதாவது சொல்கிறேன். சூளையில் எத்தனை பெட்டி உடைந்தது, பவிக்கு எங்கே டியூட்டி போட்டிருக்கிறார்கள், மேரி அக்கா வீட்டு நாய் யாரைக் கடித்தது. சில நாள் ஒன்றும் சொல்லாமலும் ஊட்டுகிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாம் இருவரும் எழுதிக் கேட்ட அந்தக் கேள்வியை நான் அவரிடம் இனி கேட்கமாட்டேன். கோபத்திலும் கேட்கமாட்டேன், பரிதாபத்திலும் கேட்கமாட்டேன். ஒருநாள் அவருக்கு வாய் திறந்து அவராகவே சொல்ல வந்தால், உட்கார்ந்து கேட்பேன். அடுப்பில் பால் இருந்தால், அதை இறக்கி வைத்துவிட்டு வந்து கேட்பேன்.

இப்படிக்கு,
அவர் போனபோதும் வந்தபோதும் உங்கள் மருமகளாகவே இருக்கும்
அமுதா